முன்னுக்கு இரண்டு ரயர்

அநியாயம் நடந்தது அம்மாவுக்கு. செய்தது அப்பா. செய்த விதம், பனிக்காலத்துக்கென்று பூட்டுகிற நாலு வின்ரர் ரயரை இரண்டு காருக்குப் பங்கு வைத்தது. மாமா ஒருவர் தன் பழைய காரை விற்கும்போது சும்மா தந்துவிட்டுப் போன நாலு நல்ல ரயர். அதில் இரண்டை அண்ணாவின் காருக்கும் இரண்டை அம்மாவின் காருக்குமாக, கலியாணவீட்டுப் பலகாரத்தைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறமாதிரி ஒருவருக்கும் குறை வராமல் பிரித்து, முன்சில்லுகளில் பூட்டுவித்து, 'முன்சில்லுதானே இழுக்குது, பின்சில்லு சும்மா பின்னால வாறதுதானே' என்று சொல்லிவிட்டு அப்பா தேத்தண்ணி குடித்தார். பிறகு மார்கழியின் முதல் பெரிய பனியில், பேக்கரியில் விடிகாலை வேலை முடித்து வந்த அம்மாவின் காரின் பின்பக்கம் வளைவில் வழுக்கிச் சுழன்று கொங்கிறீற் தடுப்பில் போய் அடித்தபோது, ரயரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், 'மனிசிக்குக் கவனமில்லை' என்று கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொன்னார். இதைத்தான் ஆரபி, கனடாவில், ஸ்காபரோவிலிருந்து கிழக்கே ஓசவாவுக்குப் போகிற நெடுஞ்சாலையில் அண்ணாவின் காரை ஓட்டியபடி, மனசுக்குள் திரும்பவும் முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக விவாதக் குழுவில் பழகிய பழக்கம். யாருக்கு என்ன நடந்தது, யார் காரணம், எங்கே ஆதாரம். ஆதாரம் இப்போது அவளுக்குக் கீழேயே உருண்டுகொண்டிருந்தது. அண்ணாவின் காரிலும் அதே பங்குதான். முன்னுக்கு இரண்டு வின்ரர் ரயர், பின்னுக்குத் தேய்ந்து வழவழத்த இரண்டு பழசு. 'அடுத்த கிழமை மாத்துவம்' என்று அண்ணா அம்மா அடிபட்ட நாளிலிருந்து சொல்கிறான். வேறு கார் வீட்டில் இல்லை. அப்பாவின் வேலை வானில் இரண்டு பேர்தான் இருக்கலாம். ஆகவே அந்தப் பழைய ரயர் இரண்டுக்கும் மேலே, பின் இருக்கையின் ஒரு ஓரமாக, நேற்று முந்தநாள் முறிவுக்குப் போட்ட பிளாஸ்ரரை வெட்டிய இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா இருந்தாள்.

பனி மேலிருந்து விழுகிறமாதிரித் தெரியவில்லை. முன்னாலிருந்து யாரோ அள்ளிக் கண்ணாடியில் எறிகிறமாதிரி வந்துகொண்டிருந்தது. வைப்பர் ஒருமுறை வழித்தால் ஒரு கணம் உலகம் இருக்கும். உப்புத் தூவுகிற லொறியின் மஞ்சள் விளக்கு, சேறு அடித்த ஒரு வானின் பின்கதவு, வெள்ளைக்கோடு இருந்திருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சாம்பல் தடம். அடுத்த கணம் ஒன்றும் இராது. தடத்துக்குள் சில்லை வைத்துக்கொள், முன்னால் போகிறவனுக்கும் உனக்கும் நடுவில் வழமையைவிட மூன்று மடங்கு இடம் விடு, ஹோன் அடிக்கிறவன் அடிக்கட்டும், பிறேக்கை மிதிக்காதே, தடவு, வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறை, வளைவுக்குள் போனபிறகு ஒன்றையும் திடீரென்று செய்யாதே. எல்லாம் பாடம். பாடமெல்லாம் முன்சில்லுக்கு. பின்சில்லு தான் நினைத்த நேரம் தான் நினைத்த பக்கம் போகும், போனபிறகுதான் காரை ஓடுகிறவளுக்குத் தெரியும், கண்ணுக்குக் கூடத் தெரியாது, முதுகுக்குத்தான் தெரியும். அவளுடைய முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு சின்ன ஆட்டம் வந்தால் முதலில் உறைக்கிற இடத்தில், தோல் விழித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் முதுகும் அன்றைக்கு இப்படித்தான் கேட்டிருக்குமா. இல்லை, எப்படிக் கேட்கும், அம்மாவுக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லையே, முன்னுக்குப் புது ரயர் போட்டிருக்கு, இனிப் பயமில்லை என்றுதானே சொன்னார்கள், பயமில்லை என்று சொல்லப்பட்ட முதுகு எதைக் கேட்கும். 'கெதியாப் போ பிள்ளை,' என்றார் பக்கத்தில் இருந்த அப்பா. 'எல்லாரும் எங்களை முந்திக்கொண்டு போயினம்.' 'அவைக்கு நாலு ரயர் இருக்கு அப்பா.' அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். 'ராகு காலம் தொடங்க முன்னம் கார் விக்கிற நிமலன்ர கையில முற்பணத்தைக் குடுத்திட வேணும். இண்டைக்கு வெள்ளிக்கிழமை,' என்றார். 'ராகு காலம் சூரியன் உதிக்கிறதை வச்சுத்தானே கணக்குப் பாக்கிறது? இண்டைக்குச் சூரியன் எங்க உதிச்சதெண்டு காட்டுங்கோ பாப்பம்.' 'உன்ர வாய்க்குப் பயந்துதான் அது வெளிய வரேல்லை,' என்றார் அப்பா. பின்னால் அம்மா சிரித்தாளோ என்று ஆரபி கண்ணாடியில் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பனி தன்னோடு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல என்கிறமாதிரி.

அப்பாவின் கோட்டுப் பையில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. புதுக் கார் முதன்முதல் உருளும்போது சில்லுக்கு ஒன்றாக வைத்து நசிக்க. நேற்று தமிழ்க் கடையில் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து, காய்த்தன்மை இல்லாததாகத் தெரிந்து எடுத்தவர். எலுமிச்சம்பழம் என்றால் நாலு. இரண்டு வைத்தால் குறை, தோஷம், அரைகுறை. நாலு சில்லுக்கும் நாலு வேண்டும் என்று இந்த மனிதருக்குத் தெரியும், நன்றாகத் தெரியும், பழத்துக்குத் தெரிகிறது ரயருக்கு ஏன் தெரியாமல் போனது. இதைக் கேட்டால் என்ன. கேட்டால் 'சாமி விஷயத்தில விளையாடாத' என்பார், கதை அங்கே திரும்பிவிடும், ரயர் தப்பிவிடும். ஆறு கிழமையாக ரயர் இப்படித்தான் தப்பிக்கொண்டிருக்கிறது. அவள் எந்த வாசலால் போனாலும் அப்பா வேறு வாசலால் வெளியே போய் நின்றார். அண்ணாவின் காருக்கு ஒன்றும் நடக்கேல்லைத்தானே என்றார். அண்ணா வீட்டிலிருந்து வேலை செய்கிறவன், அவன் கார் வீட்டுக் கராஜுக்குள் குறட்டை விட்டுக்கொண்டு நின்றது, நடக்க என்ன இருக்கு என்றால், அது வேற கதை என்றார். எல்லாம் வேற கதை. இவள் கதைக்கிறது மட்டும் எப்போதும் வேற கதை. காருக்குள் சூடு அதிகமாக இருந்தது, கழுத்தில் வியர்த்தது, ஆனால் ஸ்ரியறிங்கைப் பிடித்த விரல்கள் குளிர்ந்துபோய் இருந்தன, சூட்டைக் குறைத்தால் கண்ணாடியில் புகார்மாதிரி ஆவி படியும், படியட்டுமா, வேண்டாம், பின்கண்ணாடி ஏற்கனவே பாதி மூடிவிட்டது, அம்மாவின் தலைக்குப் பின்னால் வெள்ளை, வெறும் வெள்ளை, பின்னால் யார் வருகிறான் என்று தெரியாது, பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருக்காலும் தெரியாது.

நிமலன் பழைய கார் வாங்கி விற்கிற பொடியன். சனத்துக்குள் அவனுக்கு நல்ல பெயர். போன ஞாயிறு அவளும் அப்பாவும் போய் இரண்டு காரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒன்று கறுப்பு ஜீப். வீடு மாதிரி உயரம், ஏழு பேர் இருக்கலாம், நாலு சில்லும் இழுக்கும். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து சாத்தும் சத்தத்தைக் கேட்டார், திரும்பத் திறந்து திரும்பச் சாத்தினார். 'ஓல் வீல் டிறைவ் அண்ணை. பனி என்ன, பனிமலையே ஏறும்,' என்றான் நிமலன். 'ஏறும். நிக்குமோ?' என்றாள் ஆரபி. 'நாலு சில்லும் இழுக்கிறது புறப்படத்தான் உதவும். நிக்கிறதுக்கும் திரும்பிறதுக்கும் ரயர்தான் வேணும். அது இல்லாட்டி இந்த ஜீப் பாரமான ஒரு சறுக்குப்பலகை.' 'தங்கச்சி நல்லாப் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறா,' என்று நிமலன் சிரித்தான், அழுகிற பிள்ளைக்கு பிஸ்கட் நீட்டுகிற சிரிப்பு. மற்றது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். அதை ஆரபிதான் கண்டுபிடித்தாள், முற்றத்தின் கடைசி வரிசையில், பனிக்குள் பாதி புதைந்து நின்றதை. ஓடுகிறவரின் இருக்கையை ஒரு பிடியை இழுத்து உயர்த்தலாம்; அம்மா கட்டை, பழைய காரில் தலையணை வைத்துத்தான் ஓடினவள். பின்கண்ணாடி பெரிசு. இருக்கை சூடாகும், அம்மாவின் தோளுக்கு நல்லது. கார் வழுக்கத் தொடங்கினால் எந்தச் சில்லு தப்புதோ அந்தச் சில்லைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கு. எல்லாத்துக்கும் மேலால், அதோடு நாலு வின்ரர் ரயர் வருகிறது, தனித் தனி றிம்மில் பூட்டியபடி, நாலும் ஒரே வகை, ஒரே தேய்மானம். இது அம்மாவின் கார். ஜீப்பில் அம்மாவின் கால் பிறேக்குக்கு எட்டாது. அதைச் சொன்னபோதுதான் அப்பா முதல்முறை உண்மையைச் சொன்னார், 'உவ இனி ஓடத் தேவையில்லை. நான் ஏத்தி இறக்கிறன்.' பிறகு, தாழ்ந்த குரலில், 'சின்னக் கார் அடிபட்டால் தகரம் பிள்ளை. பெரிசெண்டால் ஆளாவது மிஞ்சும்.' அந்தக் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. ஆரபி அதைக் கேட்டாள். கேட்டும் கணக்கில் எடுக்கவில்லை. எதிராளியின் பயத்தைக் கணக்கில் எடுக்கத் தொடங்கினால் வாதம் போச்சு. ஆக இன்றைக்கு முடிவாகப் போவது ஜீப்பா சின்னக் காரா என்பது இல்லை. ஜீப் வந்தால் அம்மா இனி ஒருநாளும் ஸ்ரியறிங்கைத் தொடமாட்டாள். அவ்வளவுதான். அதற்காகத்தான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். 'அம்மாவும் வரவேணும், நான்தான் ஓடுவன், இல்லாட்டி ஒருத்தரையும் போக விடமாட்டன்' என்று வாசலில் நின்று பிடிவாதம் பிடித்தாள். அம்மாவை அந்த இருக்கையில் ஒருதரம் இருத்திவிட்டால் போதும், பிடியை இழுத்து உயர்த்தி, கண்ணாடியைச் சரிபார்த்து, ஒருதரம் முற்றத்தைச் சுற்றி வந்துவிட்டால் போதும், மிச்சத்தை அம்மாவின் கையும் காலும் பார்த்துக்கொள்ளும். டொக்டரே ஓடலாம் என்றுவிட்டார். டொக்டர் சொன்னபோது அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் பெயர் தவமலர். அப்பா தவம் என்பார். கார் என்றால் அம்மாவுக்கு என்ன என்று அப்பாவுக்குத் தெரியாது, அண்ணாவுக்குத் தெரியாது, ஆரபிக்குத் தெரியும் என்று ஆரபி நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா லைசென்ஸ் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறி, ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருந்த கடையொன்றின் வெறும் தரிப்பிடத்தில் பழகிப் பழகி, கடைசியில் எடுத்தாள். எடுத்த அன்று ஒருவருக்கும் சொல்லவில்லை, மீன் வாங்கிக்கொண்டு வந்தாள், பஸ்ஸில் போனால் மணக்கும் என்று வாங்காமல் விட்டிருந்த மீனை. பிறகு எத்தனை பனிக்காலம். விடிய முன்னம் எழும்பி, கார்க் கூரையில் கிடக்கிற பனியை முழுக்க வழித்துத் தள்ளிவிட்டுத்தான் ஏறுவாள், பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாடியில் ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டுப் போவான், கூரைப்பனி பிறேக் பிடிக்கையில் சரிந்து கண்ணை மூடும் என்று அம்மாவுக்குத் தெரியும். டிக்கியில் பனி அள்ள ஒரு சவள், ஒரு பழைய போர்வை, மெழுகுதிரி, வழுக்கினால் சில்லுக்குக் கீழே போட ஒரு பை மண். சிலநாள் வேலை முடிந்து வந்தபிறகும் காரைவிட்டு இறங்கமாட்டாள். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியோவை மட்டும் விட்டுவிட்டு, கண்ணாடி மெல்ல மெல்ல வெள்ளையாக மூடுகிறவரைக்கும் உள்ளே இருப்பாள். ஆரபி மேல்மாடி ஜன்னலால் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு அறை இருந்தது, அம்மாவுக்கு அந்தக் கார் இருந்தது. இப்போது பேக்கரி வாசலில், கோட்டைப் போட்டுத் தொப்பியையும் போட்டுக்கொண்டு, அப்பாவின் வான் வருகிறவரைக்கும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அப்பா வரச் சுணங்குவார். அம்மா கேட்கமாட்டாள். கேட்டால் ஏத்தி இறக்கிறவனைக் குறைசொல்லுகிறமாதிரி. நாலு பேர் நடுவில் ஒரு ஆளிடமிருந்து ஒரு சாமானைப் பறித்தால் அதற்குப் பெயர் இருக்கு. இதற்கு என்ன பெயர். இதற்குப் பெயர் உதவி.

போன மாசம், சொந்தக்காரப் பிள்ளையொன்றின் பிறந்தநாள் விழா அன்று வாடகை மண்டபத்தில், ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னார், 'மனிசி அண்டைக்கு றோட்டில பரதநாட்டியம் எல்லோ ஆடினவ. ஒரு முழுச் சுத்து. பிறகு ஒரு அரைச் சுத்து. மேளகாரர் இல்லாததுதான் குறை.' மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஆள், 'சலங்கை கட்டிவிட்டிருக்க வேணும் அண்ணை' என்றார். அம்மாவும் சிரித்தாள். பிளாஸ்ரர் போட்ட கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. அழுதிருந்தால் ஆரபி எழும்பி நின்று கதைத்திருக்கலாம். கோபப்பட்டிருந்தால் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். சிரித்தால் என்ன செய்கிறது. சிரிக்கிறவளை எப்படிக் காப்பாற்றுகிறது. என்றாலும் அன்றைக்கு ஆரபி எழும்பித்தான் நின்றாள், 'பின்னுக்குத் தேஞ்ச ரயர், முன்னுக்குப் புது ரயர் எண்டால் ஆர் ஓடினாலும் சுத்தும், அம்மா இல்லை, கார் றேஸில ஓடுறவன் ஓடினாலும் சுத்தும்' என்று மண்டபம் கேட்கக் கதைத்தாள், ஒரு நிமிடம் கதைத்திருப்பாள், நன்றாகத்தான் கதைத்தாள், நடுவர் இருந்திருந்தால் புள்ளி போட்டிருப்பார். அம்மா அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, 'இரு பிள்ளை, கேக் வெட்டப் போயினம்' என்றாள். இழுத்த இழுவையில் ஒரு கெஞ்சல் இருந்தது. யாருக்காகக் கெஞ்சினாள். அப்பாவுக்காகவா, கேக்குக்காகவா. தடம் மாறுகிறது, கவனம், லொறியின் சில்லு கிளப்புகிற சேற்றுப்பனி கண்ணாடி முழுக்க, ஒன்றும் தெரியவில்லை, நீர் அடி, வைப்பர், நீர், இப்போது தெரிகிறது, முன்னால் சிவப்பு விளக்குகள், ஏன் சிவப்பு, காலை எடு, தடவு, தடவு. நின்று நின்று போகிறார்கள், அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளத்தில் ஒரு கார் மூக்கைப் பனிக்குள் குத்திக்கொண்டு நின்றது, பின்விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது, உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று பார்க்க நேரமில்லை. அதுவும் நாலு சில்லும் இழுக்கிற ஜீப். அதைச் சொல்லிக்காட்டலாம். உள்ளே யாரும் இருந்தால்.

'அப்பா, ஒண்டு கேக்கட்டே?' 'கேக்காத.' 'ஓம் இல்லை எண்டு ஒரு சொல் சொன்னால் காணும். ரெண்டு ரயர் மட்டும் போட்டது பிழையோ இல்லையோ?' 'நீ யூனிவசிற்றிக்குப் போறது என்னோட வாதாடிப் பழகவோ?' 'அதுக்கும் சேத்துத்தான் பீஸ் கட்டுறன்.' 'நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில ஓடின கார்களைப் பாத்திருந்தால் நீ கதைக்கமாட்டாய். வின்ரர் ரயர் எண்ட பேரே தெரியாது எனக்கு. பீற்சா குடுத்துத் திரிஞ்சனான், புயலுக்குள்ள. ஒரு கீறல் விழேல்லை.' 'அப்ப நாலும் ஒரே மாதிரிப் பழசா இருந்திருக்கும். நாலும் வழுக்கினால் கார் நேர போகும், உங்களுக்குத் தெரியும், மெல்லப் போயிருப்பியள். முன்னுக்கு நல்லது, பின்னுக்குக் கெட்டது எண்டால், முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் திரும்பாது. ஓடுற ஆளுக்குக் கார் பொய் சொல்லும். அம்மாவுக்கு அந்தக் கார் பொய் சொன்னது அப்பா. பொய் சொல்லப் பண்ணினது நீங்கள்.' அப்பா கோட்டுப் பைக்குள் கையை விட்டார், பழங்கள் ஒன்றோடொன்று உரசின. 'ஒருத்தருக்கு நாலு, மற்றவருக்கு ஒண்டுமில்லை எண்டு எப்பிடிக் குடுக்கிறது?' என்றார். 'நான் ஓரவஞ்சனை பாக்கிற மனிசன் இல்லை.' அதுதான், அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை, அந்த நியாயம். இந்த மனிதர் ஒருநாளும் பிள்ளைகளுக்குள் பேதம் காட்டினதில்லை, முட்டைப் பொரியலை நூல் பிடித்து வெட்டினவர், அந்தக் கையால்தான் இதையும் வெட்டினார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. 'அம்மாட்டையாவது சொல்லுங்கோ. உன்னில பிழை இல்லை எண்டு. ஊருக்குச் சொல்ல வேண்டாம். அம்மாட்ட. பின்னாலதான் இருக்கிறா.' அப்பா திரும்பவில்லை. பின்னாலிருந்து அம்மா சொன்னாள், 'றோட்டைப் பார் பிள்ளை.' அவ்வளவுதான் சொன்னாள், அதட்டவும் இல்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. ஆரபி றோட்டைப் பார்த்தாள். ஆறு கிழமையாக அம்மாவுக்காக வாதாடுகிறாள், அம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஒருதரமும் ஏற்றினதில்லை. அன்றைக்கு என்ன நடந்தது, கை எப்படித் திரும்பியது, என்ன நினைத்தீர்கள், ஒன்றும் கேட்டதில்லை. கேட்கத் தேவைப்படவில்லை, ரயரின் கதை அவளுக்கு அம்மாவைவிட நன்றாகத் தெரியும் என்று. வெட்கமாக இருந்தது. அப்போது நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறுகிற பாதையின் பலகை வந்தது.

வெளியேறும் பாதை வலதுபக்கம் வளைந்து இறங்குகிறது. அவள் எல்லாம் சரியாகச் செய்தாள். நேர்ப்பாதையில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்தாள், பின்னால் வந்தவன் ஹோன் அடிக்க அடிக்கக் குறைத்தாள், வளைவுக்குள் போகும்போது கால் ஒன்றிலும் இல்லை, இரண்டு கையும் ஸ்ரியறிங்கில், மெல்லத்தான், பனிக்குள் நடக்கிற மாடு மாதிரி மெல்லத்தான், ஒரு குற்றமும் இல்லை, எங்கேயும் ஒரு குற்றமும் இல்லை, என்றாலும் மேம்பாலத்தின் நிழல் விழுகிற இடத்தில் முதுகில் அந்த இடம் வெறுமையானது. சத்தமே இல்லை. முன்பக்கம் அவள் சொன்ன வழியே போய்க்கொண்டிருந்தது, பின்பக்கம் யாரோ மெல்லக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறமாதிரி இடதுபக்கமாக வெளியே போனது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அம்மா இருக்கிற பக்கம் முன்னுக்கு வருகிறது, அம்மா அவளை முந்துகிறாள், கொங்கிறீற் தடுப்பு ஜன்னலில் ஏறுகிறது, இதுதான், இது அதே கணம், இதற்குள் அம்மா இருந்திருக்கிறாள், தனிய, மாவும் ஈஸ்ற்றும் மணக்கிற உடுப்போடு, கால் பிறேக்கைத் தேடுகிறது, வேண்டாம், கால் சொல்வழி கேட்காது, வேண்டாம், தடுப்பைப் பார்க்காதே, பார்க்கிற இடத்துக்குத்தான் கை போகும், போகவேண்டிய இடத்தைப் பார், எங்கே போகவேண்டும், அங்கே, அந்தச் சாம்பல் தடத்துக்கு, திருப்பு, மெல்ல, பின்பக்கம் போகிற பக்கமே திருப்பு. பின்பக்கம் நின்று யோசித்தது. பிறகு வந்தது, வந்த வேகத்தில் மற்றப் பக்கம் போனது, திரும்ப வந்தது. கார் நேரானது. நின்றது. தடுப்புக்கும் பின்கதவுக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். பின்னால் வந்தவன் சுற்றிக்கொண்டு போனான், போகும்போது தலையைத் திருப்பிப் பார்த்தான், பொம்பிளை என்று கண்டிருப்பான். அப்பாவின் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு ஆரபியின் கால் அடிக்கு வந்தது, அதைக் குனிந்து எடுக்கவேண்டும், பிறேக்குக்குக் கீழே மாட்டினால் ஆபத்து, எடுத்தாள், அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார். 'நீ கெதியா வரேல்லை,' என்றார். 'இல்லை.' 'பிறேக்கும் பிடிக்கேல்லை.' 'இல்லை.' 'பிறகேன்,' என்று தொடங்கி நிறுத்திவிட்டார். இவ்வளவு நாளும் அவள் காத்திருந்த இடம் அது. ஒரு வசனம் போதும், வென்றுவிடலாம். அவள் கண்ணாடியில் அம்மாவைத் தேடினாள். அப்பா முதல்முறையாகத் திரும்பிப் பின்னுக்குப் பார்த்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே, ஒரு முழத்தில் நின்ற அந்தக் கொங்கிறீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முன்னமே பழக்கமான ஒரு ஆளைப் பார்க்கிறமாதிரி, பயமும் இல்லாமல், நட்பும் இல்லாமல்.

மிச்சத் தூரத்தை ஆரபி இன்னும் மெல்ல ஓடினாள். ராகு காலம் எப்போது தொடங்கியதென்று அப்பா பார்க்கவே இல்லை. நிமலன் முற்றத்தில் பனியைத் தள்ளிக்கொண்டு நின்றான், இவர்களைக் கண்டதும் சவளைக் குத்தி நிறுத்திவிட்டு வந்தான். கறுப்பு ஜீப்பை முன்னுக்குக் கொண்டுவந்து துடைத்து வைத்திருந்தான். 'என்ன அண்ணை, நேரம் தப்பிட்டுதே. உள்ள வந்து ஒரு கோப்பி குடியுங்கோ, ராகு போகட்டும், பிறகு கை வைப்பம்,' என்றான். 'அது கிடக்கட்டும். அந்தச் சின்னக் காரின்ர திறப்பை எடும்,' என்றார் அப்பா. ஆரபிக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. நிமலன் அவளைப் பார்த்தான், அவள் தோளைக் குலுக்கினாள், வென்றாச்சு, ஆனால் வென்றமாதிரி இல்லை, தடுப்பு ஒரு முழத்தில் நின்றதுதான் வென்றது, அவள் கதைத்தது எதுவும் வெல்லவில்லை, பரவாயில்லை, யார் வென்றால் என்ன. நிமலன் சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கொண்டுவந்தான். கடைசி வரிசைக்குப் போய், சாம்பல் காரின் கூரைப்பனியைக் கையாலேயே வழித்துத் தள்ளினான். அப்பா குனிந்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார், நாலையும், முன்னுக்கு இரண்டை, பிறகு சுற்றிப் போய்ப் பின்னுக்கு இரண்டை, கையுறையைக் கழற்றி ரயரின் வெட்டுக்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நிமிராமலே சொன்னார், 'ரயர்தான் தவம். உன்னில பிழை இல்லை. நாலையும் நான் உன்ர காருக்குப் போட்டிருக்க வேணும்.' மீசையில் பனி இருந்தது. எழும்பி, திறப்பை அம்மாவிடம் நீட்டினார். 'இந்தா. ஏறி ஓடிப் பார்.'

ஆரபி ஓடுகிறவரின் கதவைத் திறந்து, பிடியை இழுத்து, இருக்கையை உயர்த்தினாள். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று பார்க்க அம்மாவைப் பார்த்தாள். அம்மா இருக்கையைப் பார்த்தாள், அப்பாவின் கையில் இருந்த திறப்பைப் பார்த்தாள். திறப்பை வாங்காமல், இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'ஒரு சுத்துப் போயிட்டு வாங்கோ அக்கா, முத்தத்துக்குள்ளதானே,' என்றான் நிமலன், நல்லெண்ணத்தோடுதான். 'நாலும் நல்ல ரயர். எத்தினை வருசமா ஓடுறியள்?'

அம்மா அவனைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆட்களோடு கதைக்கிற மரியாதைக் குரலில் சொன்னாள், 'எனக்கு ஓடத் தெரியாது, தம்பி.'